பழைய சில்வரில் கத்தி செய்யலாமா?

போன வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளியின் கலைவிழாவில் ஒரு மேசை போட்டு ஒன்பது கத்திகள் விற்றோம். ஒன்று 15 பவுண். பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் வாங்க நிதி சேர்ப்பது நோக்கம். இரண்டு மாதத்துக்குள் எட்டுக் கத்திகள் திரும்பி வந்தன. ஒன்பதாவதை வாங்கிய குடும்பம் மட்டும் "இருக்கட்டும், கேக் வெட்ட நல்லது" என்று வைத்துக்கொண்டது. திருப்பித் தந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடுதலாகச் சுட்டது. முதல் நாள் வெங்காயம் நன்றாக அரிந்ததாம்; ஒரு கிழமைக்குள் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கிவிட்டதாம். தீட்டினால் கூர் வரும், அடுத்த நாளே போய்விடும்.

அந்தக் கத்திகள் ஏன் அப்படிப் போயின என்பதைத் தேடி அறிய எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. பழைய சில்வர்ச் சாமானை எறிய மனமில்லாமல் கராஜில் சேர்த்து வைத்திருப்பவர்கள் எங்களில் பலர். அவர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கும் ஆறு பேர். ஞாயிறு மத்தியானத்தில் ஒரு வாடகைக் கராஜில் கூடுவோம். எங்களில் ஒருவருக்குத்தான் தொழில் தெரியும். வடமராட்சியில் கம்மாலை வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். நாங்கள் அவரை அண்ணை என்போம். மற்ற ஐந்து பேரும் கணக்கு, கடை, பஸ், ஆஸ்பத்திரி என்று வேறு வேலைகள். ஊரில் அண்ணை செய்த கத்திகள் எல்லாம் லொறியின் வில்லுத் தகட்டில் பிறந்தவை. உடைந்த வில்லை வாங்கி, வெட்டி, காய்ச்சி, அடித்து, கொவ்வைப்பழச் சிவப்பில் எண்ணெயில் தோய்த்து எடுப்பார். அந்தத் தோய்ச்சல்தான் கத்தியின் உயிர் என்பார். கறள் பிடிக்கும், ஆனால் வெட்டும்.

இங்கே எங்கள் குடும்பங்கள் கறள் பிடிக்கும் கத்தியை விரும்புவதில்லை. புளி பட்டால் கறுக்கும், மீன் அரிந்து கழுவாமல் வைத்தால் அடுத்த நாள் புள்ளி விழும். ஆகவே கறள் பிடிக்காத கத்தி செய்வோம் என்று முடிவெடுத்தோம். அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவர் வேலை செய்த உணவகம் மூடப்பட்டது. முதலாளி சமையல் மேசைகளையும் கழுவு தொட்டியையும் "எடுத்துக்கொண்டு போங்கோ" என்று தந்துவிட்டார். இரண்டு வான் நிறையத் தடித்த சில்வர்த் தகடு. கணக்குப் புத்தகத்தில் மூலப்பொருள் செலவு என்ற வரியில் பூச்சியம் என்று எழுதினோம். வணிகம் படித்து இத்தனை வருடம் பேரேடு பார்த்தும், பூச்சியத்தைக் கண்டவுடன் சந்தேகம் வராதது எங்கள் பிழை.

அண்ணை முதல் நாளே முகத்தைச் சுளித்தார். "இது சுத்தியலுக்கு அடங்குதில்லை தம்பி" என்றார். நாங்கள்தான் விடவில்லை. வெட்டி, அரைத்து வடிவமாக்கி, அவருடைய கண்ணுக்குத் தெரிந்த சிவப்பில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தோம். கத்திகள் கண்ணாடிபோல மினுங்கின. அதைப் பார்த்து மயங்கிவிட்டோம்.

பிழை எங்கே என்று இப்போது தெரியும். இரும்பை உருக்காக்குவது கரி. உலையில் எரிக்கும் கரியைச் சொல்லவில்லை. இரும்புக்குள்ளேயே கலந்திருக்கும் காபன். சூடான தேத்தண்ணியில் சீனி கரைவதுபோல, நன்றாகக் காய்ந்த இரும்பில் காபன் கரைந்து பரவுகிறது. அதைச் சட்டென்று குளிரவைத்தால் காபனுக்கு வெளியே வர நேரம் கிடைப்பதில்லை. இரும்பின் அணுக்கள் தங்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பப் பார்க்க, இடையில் காபன் சிக்கி நிற்க, அந்த இறுக்கமே கடினமாகிறது. தோய்ச்சலில் நடப்பது இதுதான். லொறி வில்லுத் தகட்டில் சாதாரணமாக 0.6 சதவீதம் அளவில் காபன் இருக்கும். கேட்கச் சிறிய எண். ஆனால் கத்திக்கும் கேக் வெட்டும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்தான் இருக்கிறது.

உணவகத்து மேசையும் எங்கள் குசினியில் உள்ள சில்வர்ப் பானையும் பெரும்பாலும் ஒரே இனம். 304 என்று சொல்வார்கள். அதில் குரோமியம் 18 சதவீதம் அளவு, நிக்கல் 8 சதவீதம் அளவு. காபன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. கறள் பிடிக்காமல் காப்பது குரோமியம். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலைத் தகட்டின்மேல் போட்டுவிடுகிறது, கீறினாலும் அந்தத் தோல் திரும்ப வளர்கிறது. நிக்கலின் வேலை வேறு. சூட்டில் இரும்பு எடுக்கும் கட்டமைப்பை, ஆறிய பிறகும் மாறவிடாமல் அது பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் சில்வர்ப் பானையை உடையாமல் ஆழமாக அழுத்தி எடுக்க முடிகிறது. ஆனால் கட்டமைப்பு மாறாத இடத்தில் தோய்ச்சலுக்கும் வேலை இல்லை. காபனும் இல்லை, மாற்றமும் இல்லை. ஆயிரம் தரம் காய்ச்சித் தோய்த்தாலும் அது பானைத் தகடுதான். அண்ணையின் கைப்பிழை அதில் ஒரு துளியும் இல்லை.

ஆனால் அதை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எட்டாவது கத்தி திரும்பி வந்த பிறகு அவர் மூன்று ஞாயிறு வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "நாப்பது வருசத்தில ஒரு கத்தி என்னட்டைத் திரும்பி வந்ததில்லை, தம்பி" என்று மட்டும் சொன்னார். ஊரையும் கம்மாலையையும் பட்டடையையும் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் கூடக் கொண்டுவந்தது. அதையும் நாங்கள் ஒரு மேசைத் தகட்டுக்காகக் கெடுத்துவிட்டோம் என்று இருந்தது.

அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது ஷெபீல்ட் நகரத்துக் கதை ஒன்று. ஹரி பிறியர்லி என்பவர் அந்த நகரத்து உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகன். 1871இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். பிறகு தானாகப் படித்து உருக்கு ஆய்வுகூடம் ஒன்றின் தலைவரானார். துப்பாக்கிக் குழாய்களின் உட்பக்கம் சீக்கிரம் தேய்ந்து போகிறது, அதற்கு ஒரு வழி பாருங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் காபனும் சேர்ந்த ஒரு உருக்கை வார்த்தார். அது அமிலத்துக்கு அசையவில்லை. கத்திக்கு நல்லது என்று அவருக்கு உடனே பட்டது. ஆனால் அந்த உருக்கில் முதலில் கத்தி செய்து பார்த்த ஷெபீல்ட் தொழிலாளர்கள் இது உதவாது என்று திருப்பிவிட்டார்கள். அடிக்கவும் கஷ்டம், அரைக்கவும் கஷ்டம், கூரும் நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே அவரைப் பகிடி பண்ணியது. பிறகு ஏர்னஸ்ட் ஸ்டுவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் வினாகிரியில் போட்டுப் பார்த்து, கறை பிடிக்காதது என்ற பொருளில் அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சொன்னார். சூட்டைச் சரிப்படுத்திய பிறகு கத்தி கத்தியாகியது.

இதைத் தேத்தண்ணிக் கோப்பையோடு அண்ணையின் வீட்டில் இருந்து சொன்னோம். "அப்ப அவையளுக்கும் வந்ததோ?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு கராஜுக்கு வந்தார்.

இந்தக் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜேர்மனியின் எசன் நகரத்தில் குறுப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த உருக்குக்கு 1912இல் காப்புரிமை கேட்டார்கள். எங்கள் பானை, வாளி, தொட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கத்தி ஷெபீல்டின் பிள்ளை, பானை எசனின் பிள்ளை. நாங்கள் இரண்டுக்கும் சில்வர் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டதால் வந்த வினைதான் அந்த எட்டுக் கத்திகள்.

இரண்டையும் பிரித்து அறிய முதல் ஆயுதம் காந்தம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து, மேசைக் கரண்டியில் வைத்துப் பாருங்கள். 18/10 என்று முத்திரை குத்திய கரண்டியில் ஒட்டாது. அதே பெட்டியில் வந்த மேசைக் கத்தியின் அலகில் வைத்தால் பெரும்பாலும் டக்கென்று பிடிக்கும். கரண்டி நிக்கல் இனம். கத்தியின் அலகு 13 சதவீதம் குரோமியம் உள்ள, நிக்கல் இல்லாத இனம். ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே மினுக்கம், இரண்டு வேறு உலோகம். காந்தம் ஒட்டாததைக் கத்திக்கு எடுக்கவே வேண்டாம். இந்த ஒரு விதியை நாங்கள் அன்று தெரிந்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

ஆனால் காந்தம் ஒட்டினால் கத்தியாகும் என்று நினைத்து நாங்கள் இரண்டாம் முறையும் ஏமாந்தோம். 430 என்று இன்னொரு இனம் இருக்கிறது. நிக்கல் கிடையாது, குரோமியம் 16 முதல் 18 சதவீதம். காந்தம் நன்றாகவே பிடிக்கும். காபன் மட்டும் 0.12 சதவீதத்துக்கு மேல் போகாது. தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. மின்காந்த அடுப்புக்கென்று விற்கும் பானைகளின் அடித்தகடு, மலிவான மேசைத் தட்டுகள், சில சலவை இயந்திரங்களின் உள் உருளை எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். மோட்டார் சைக்கிளின் பிறேக் தட்டும் அப்படித்தான் ஆசை காட்டும். தடிப்பும் சரி, கறளும் இல்லை, காந்தமும் ஒட்டும். ஆனால் அவை பெரும்பாலும் காபன் குறைந்த இனம். பிறேக் பிடிக்கப் போதுமான கடினம் வரும், கூர் நிற்க அது போதாது. இன்னொரு குழப்பமும் உண்டு. 304 பானையிலேயே ஆழமாக வளைத்த விளிம்பில் காந்தம் இலேசாக இழுபடும். வளைக்கும்போது ஏற்பட்ட மாற்றம் அது. அரைகுறை இழுவையை நம்பவேண்டாம்.

அடுத்த பரிசோதனை நெருப்பு. சந்தேகமான தகட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு மெல்லிய துண்டு ஒன்று வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் தட்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வளைந்தால் அது பானை. விறகுபோல டக்கென்று முறிந்தால் உள்ளே காபன் இருக்கிறது. முறிந்த துண்டில் அரத்தை வைத்து இழுத்தால் வழுக்க வேண்டும். அரம் கடித்தால் கடினம் போதாது.

இங்கேதான் அண்ணையின் கண் எங்களை இன்னொரு தரம் திசை மாற்றியது. கொவ்வைப்பழச் சிவப்பு என்பது ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ். லொறி வில்லுக்கு அதற்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். குரோமியம் கூடிய உருக்கில் காபன் குரோமியத்தோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டு அவிழ 1,000 பாகையைத் தாண்ட வேண்டும். பல கத்தி உருக்குகளுக்கு 1,020 முதல் 1,060 வரை. சிவப்பைக் கடந்து, செவ்விளநீரின் நிறத்தையும் கடந்து, மஞ்சள் பக்கம் போக வேண்டும். அங்கே சில நிமிடம் ஒரே சூட்டில் நிறுத்தவும் வேண்டும். சிவப்பில் தோய்த்தால் நல்ல கத்தி உருக்குக்கூட மென்மையாகவே நிற்கும். நாங்கள் ஒரு நல்ல துண்டை அப்படி எறிந்தும் இருக்கிறோம். காஸ் உலையில் அந்தச் சூட்டை எட்டலாம். ஒரு கத்தியின் நுனிக்கும் அடிக்கும் சமமாக நிறுத்திப் பிடிப்பது எங்களால் முடியவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்னுலை வேண்டும். தோய்த்த பிறகு 180 முதல் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும்; அதற்கு வீட்டுக் குசினி அவனே போதும். அதைச் செய்யாவிட்டால் கத்தி விழுந்தவுடன் உடையும்.

மின்னுலை வாங்கக் காசில்லை. அப்படியானால் பழைய உருக்கில் கத்தி செய்ய வழியே இல்லையா என்று யோசித்தபோது விடை எங்கள் ஊர் இறைச்சிக் கடையில் இருந்தது. இறைச்சி வெட்டுபவர்கள் கத்தியை ஒவ்வொரு நாளும் தீட்டுவார்கள். சில வருடத்தில் அகன்ற அலகு விரல் அகலத்துக்குத் தேய்ந்துவிடும், அல்லது நுனி உடையும். உடனே குப்பைக்குப் போகும். அந்த உருக்கு ஏற்கெனவே சரியான சூட்டில் தோய்க்கப்பட்டது. அதன் அலகில் பலவேளை விபரமும் பொறித்திருக்கும். ஜேர்மன் கத்திகளில் எக்ஸ் 50 என்று தொடங்கி 15 என்று முடியும் ஒரு வரி இருந்தால், காபன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவு என்று பொருள். கடினம் ராக்வெல் சி அளவில் 55, 56 வரும். குசினிக்கு அதற்கு மேல் தேவையில்லை. அப்படியான பெரிய கத்தியைக் காய்ச்சாமலே வெட்டி அரைத்துச் சின்னக் கத்தியாக்கலாம். ஊரில் சத்தகம் என்போமே, அந்த அளவு.

இதில் ஒரே கவனம், சூடேறாமல் அரைப்பது. பதப்படுத்திய சூட்டுக்கு மேலே போனால் கடினம் குறையத் தொடங்கும். சாதாரண உருக்கு சூடேறும்போது வைக்கோல் நிறம், பிறகு நீலம் என்று எச்சரிக்கும். கறள் பிடிக்காத உருக்கில் அந்த நிறங்கள் பிந்தித்தான் வரும். நிறத்தைக் கண்டு நிறுத்தலாம் என்று இருந்தால் கூர் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் கையுறை போடாமல் அலகை வெறும் விரலில் பிடிக்கிறோம். விரல் பொறுக்காவிட்டால் உடனே பக்கத்து வாளித் தண்ணீரில். விளிம்பு மெல்லிசாகும் கட்டத்தில் இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீர்.

அண்ணைக்கு இந்த முறையில் முழுத் திருப்தி இல்லை. "இது கொல்லன்ர வேலை இல்லை, சாணைக்காரன்ர வேலை" என்கிறார். நெருப்பும் இல்லை, சம்மட்டியும் இல்லை. அவர் சொல்வது சரிதான். அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் விளிம்பின் சரிவை அவர் கண்ணால் பார்த்தே பிடிப்பதுபோல எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லொறி வில்லுத் தகட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அன்று உலை எரியும், அவருடைய குரலும் கொஞ்சம் உயரும்.

உடம்புக்கு வரும் ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கறள் பிடிக்காத உருக்கை ஒட்டும்போதும் மிகச் சூடாக வெட்டும்போதும் வரும் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவம் ஒன்று உண்டு. அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட விடயம். அரைக்கும் தூசும் நல்லதல்ல. துணி கட்டினால் போதாது. எஃப்எஃப்பி3 தர முகமூடி, கதவு திறந்த இடம், வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றுதல். நாகம் பூசிய தகட்டை உலையில் போடவே கூடாது. அதன் புகை காய்ச்சலில் தள்ளும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தி விற்பது குற்றம். கலைவிழா மேசையும் இதற்கு விலக்கல்ல. நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதும் குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, பூட்டாமல் மடியும் சின்னப் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு.  எங்கள் கராஜுக்கு வரும் பிள்ளை ஒன்று தான் தீட்டிய சின்னக் கத்தியை நண்பர்களுக்குக் காட்டப் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டது. காலையில் தாய் கண்டதால் தப்பினோம். பெருமையில் செய்த காரியம், ஆனால் பொலிஸ் பதிவில் பெருமை என்று ஒரு பகுதி கிடையாது. விசா, குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு குற்றப்பதிவு என்ன செய்யும் என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து கத்திகள் பூட்டிய பெட்டியில்; பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போக வேண்டும். மற்றவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் உலோகத்தையும் கேட்காமல் எடுக்காதீர்கள், அதையும் களவு என்றே கொள்ளலாம்.

கணக்கையும் வைத்துவிடுகிறோம். முதல் ஒன்பது கத்திகளுக்கு வெட்டுத் தட்டு, காஸ், அரைக்கும் பட்டி, கைபிடி மரம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 6.40 பவுண், மொத்தம் 57.60. விற்பனை 135, திருப்பிக் கொடுத்தது 120. ஆக நட்டம் 42.60 பவுண். பள்ளியின் பெயரில் நட்டம் எழுத மனம் வராமல் ஆறு பேரும் பிரித்துக் கட்டினோம். ஒரு கத்திக்குச் செலவான ஏழு மணி நேரத்தை எந்த வரியிலும் எழுதவில்லை. இறைச்சிக் கடைக் கத்தியில் ஒன்றுக்கு 2 பவுணுக்குள் முடிகிறது, நேரம் இரண்டரை மணி. உணவகத்துத் தகட்டில் மிச்சம் கிடந்ததை வளைத்துப் பள்ளிக் குசினிக்குத் தட்டு வைக்கும் இராக்கை செய்து கொடுத்தோம். அதற்கு அது அருமையான உலோகம்.

கத்தி திருப்பித் தந்த எட்டுக் குடும்பங்களுக்கும் காசு கொடுத்ததோடு அண்ணை விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வெட்டும் கத்தி ஒன்று போக வேண்டும் என்று நிற்கிறார். செய்த கத்தியை முதலில் அவருடைய வீட்டில் ஒரு மாதம் பாவித்து, தீட்டாமலே தக்காளித் தோலில் இறங்கினால்தான் வெளியே விடுவார். இதுவரை ஆறு கத்திகள் போயிருக்கின்றன, ஒன்றும் திரும்பவில்லை. மற்ற இரண்டு குடும்பங்களுக்கு, இறைச்சிக் கடைக்காரர் தன் அடுத்த கத்தியைத் தேய்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம்.